வரிசையில் நின்று கொடுத்தேன்

ஐரோப்பா போய் வந்த படங்களை மருமகள் ஒரு புத்தகமாக அச்சடித்து வைத்திருக்கிறாள். கெட்டி அட்டை. துபாயில் அல் குசைஸ் வீட்டில் சோபாவுக்கு முன்னால் உள்ள சின்ன மேசையில் கிடக்கும். யார் வந்தாலும் எடுத்துப் புரட்டுவார்கள். ரோம் படங்களில் நான் கையைத் தொங்கப் போட்டு நிற்கிறேன். பிளாரன்ஸ் படங்களில் நான் இல்லவே இல்லை. வெனிஸ் படங்களில் இரண்டு கையையும் வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறேன்.

“அங்கிளுக்கு வயித்துவலியா?” என்று பக்கத்து ஃபிளாட் பெண் கேட்டாள்.

“ஆமா. வலின்னா வலி, அப்படி ஒரு வலி” என்றாள் என் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பக்கம் வந்தால் இன்றைக்கும் என் கை இடுப்புக்குப் போகிறது.

எனக்கு ஊர் சிவகங்கைப் பக்கம். படிப்பு எட்டாவது. இருபத்தாறு வருடம் துபாயில் ஜிப்சம் சீலிங் போட்டேன். ஒரே கம்பெனி. வந்து இறங்கிய அன்று ஏர்போர்ட்டிலிருந்து கேம்புக்குப் போகும் பஸ்ஸில் ஓர் ஆள் அட்டைப்பெட்டியோடு ஏறினார். “பாஸ்போர்ட், பாஸ்போர்ட், ஜல்தி” என்றார். நாற்பது பேரும் வரிசையாகப் பெட்டியில் போட்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்கு வந்தால் அப்படித்தான் போல என்று நினைத்தேன். அதற்குப் பிறகு லீவுக்குப் போகும்போது கையில் கொடுப்பார்கள். திரும்பி வந்ததும் வாங்கிப் பூட்டுவார்கள்.

என் அப்பா இறந்தபோது மேனேஜர் துபாயில் இல்லை. பீரோ சாவி அவரிடம் இருந்தது. ஆபீஸ்காரர் கையை விரித்து “பாஸ்போர்ட் மாஃபி” என்றார். இல்லை என்று அர்த்தம். நாலு நாள் அதையே சொன்னார். ஊரில் என் இடத்தில் நின்று என் மகன் கொள்ளி வைத்தான். அவனுக்கு அப்போது பத்து வயது.

அதைப் பற்றி அவன் என்னிடம் பேசியதில்லை. நானும் எடுத்ததில்லை.

இப்போது அவன் இன்ஜினியர். என் வேலை முடிந்த பிறகு என்னையும் என் மனைவியையும் அவன் விசாவில் இங்கே கூட்டிவந்து வைத்திருக்கிறான். மருமகள் ஸ்கூலில் டிராயிங் டீச்சர். படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. இத்தாலிக்குப் போய் அந்தப் படங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஆசை. பேத்திக்கு எட்டு வயது. போன கோடையில் ஐந்து பேரும் கிளம்பினோம்.

கிளம்புகிற அன்று மகன் ஒரு துணிப்பையை என் இடுப்பில், சட்டைக்கு உள்ளே கட்டிவிட்டான். அதில் ஐந்து பாஸ்போர்ட்டும் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன.

“எனக்கு எதுக்குப்பா? நீயே வச்சுக்க.”

“இனிமே உங்க பாஸ்போர்ட் உங்ககிட்டத்தான் இருக்கணும். எங்களதும் சேத்து. உங்ககிட்ட இருந்தா லாக்கர்ல இருக்குற மாதிரி.”

அவன் எதை நினைத்துச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

ரோமில் இறங்கியதிலிருந்தே எனக்குப் பயம்தான். துப்பாக்கியோடு நிற்கிற போலீஸைப் பார்த்தால் பயம். பாதாள ரயிலுக்கு இறங்குகிற படிக்கட்டில் பயம். பேத்தி கையை விட்டுவிடுவேனோ என்று பயம். துபாயில் எனக்குக் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி, எல்லாம் ஓடும். அங்கே வாயே இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டேன். ராத்திரி பகல் எந்நேரமும் இடுப்பில் அந்தப் பை கனத்தது. குளிக்கும்போது மனைவியிடம் கொடுத்து, கதவுக்கு வெளியே நிற்கச் சொல்வேன்.

ஆனாலும் ஒன்று பார்த்தேன். கோயில் கோயிலாகப் போனோமே, எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். முழு சீலிங்கும் படம். ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தெரியவில்லை. வரைந்தவன் சாரத்தை எங்கே ஊன்றியிருப்பான், வெளிச்சத்துக்கு என்ன செய்திருப்பான், கண்ணில் சாந்து விழுந்தால் எதால் துடைத்திருப்பான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

“மாமா, போதும், கழுத்து வலிக்கப் போகுது” என்றாள் மருமகள்.

“அவனுக்கும் வலிச்சிருக்கும்மா” என்றேன்.

அவள் அதைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பிளாரன்ஸுக்கு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கிருந்தே துபாய்க்கு ஃபிளைட். திங்கட்கிழமை மகனுக்கு டியூட்டி. புது சைட், புது மேனேஜர். லீவு ஒரு நாள்கூடத் தள்ளாது, வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் வேலையில்தான் எங்கள் நாலு பேர் விசாவும் நிற்கிறது.

அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் நான் கீழே இறங்கினேன். அது சைட் பழக்கம். பஸ் ஏழு மணி என்றால் ஆறரைக்கு நிற்பேன். ஹோட்டல் வாசல் ஹாலில் ஒரே கூட்டம். எல்லாம் நம் நாட்டு முகம். வடக்கத்திக்காரர்கள், வயசானவர்கள், பெட்டி படுக்கையோடு. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள் நடுவில் நின்று, “பாஸ்போர்ட், பாஸ்போர்ட், ஜல்தி கரோ, பாய்சாப்” என்று கத்திக்கொண்டிருந்தார். ஆட்கள் வரிசையாகப் போய்க் கொடுத்தார்கள்.

நானும் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. சட்டையைத் தூக்கி, பையைத் திறந்து, ஐந்தையும் எடுத்து நீட்டினேன். “பாஞ்ச்?” என்றார், ஐந்தா என்று. தலையை ஆட்டினேன். தோள்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆள் வந்தார்.

நான் ஒதுங்கிப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். இடுப்பு லேசாக இருந்தது. ரொம்ப நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கு அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததில்லை.

கூட்டம் வெளியே போய் பஸ் ஏறியது. வீட்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். மியூசியத்துக்கு நடந்து போனோம்.

மருமகள் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த மியூசியம் அது. வாசலில் டிக்கெட் பார்க்கிற அம்மா குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டாள். மருமகள் போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினாள். அப்படியே என் பக்கம் திரும்பி, “எல்லாம் பத்திரம்தானே மாமா?” என்றாள்.

“பத்திரம்மா” என்றேன். பொய் சொல்லவில்லை. பத்திரம் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது அறையோ நாலாவது அறையோ. ஒரு பெரிய படம். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் இறக்கை வைத்த ஒருவர் மண்டி போட்டுக் கையை நீட்டுகிறார். அந்தப் பெண்ணின் கை ஒன்று தூக்கியபடி அந்தரத்தில் நிற்கிறது.

“தாத்தா, ஷீ இஸ் ஸ்கேர்ட்” என்றாள் பேத்தி.

“ஆமாடா, பயந்துட்டாங்க. மாதாவுக்குச் சேதி கொண்டு வந்திருக்காரு அந்தத் தேவதூதர். நல்ல சேதிதான், மாமா. ஆனாலும் பயம்” என்றாள் மருமகள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷத்தில்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கூட்டம் அறைக்குள் வந்தது. ஒரு பெண் கொடி பிடித்து முன்னால் வந்தாள். பின்னால் வந்த எல்லோர் கழுத்திலும் ஒரே மாதிரி நீல அட்டை தொங்கியது. நான் அந்த அட்டைகளைப் பார்த்தேன். காலையில் ஹாலில் நின்றவர்கள் கழுத்திலும் அட்டை இருந்தது. மஞ்சள் அட்டை. எல்லோரிடமும் இருந்தது. எங்களிடம் இல்லை.

சாரத்தில் பலகை நழுவினால் முதலில் காலுக்குத்தான் தெரியும். தலைக்கு அப்புறம்தான் வரும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்த ஆள் ஹோட்டல்காரர் இல்லை. போலீஸ் இல்லை. எங்கள் ஆளும் இல்லை. யாரோ. அந்த பஸ் எங்கேயோ போய்விட்டது.

மருமகள் அந்தப் படத்தின் முன்னால் அப்படி நின்றுகொண்டிருந்தாள். இன்னும் மூன்று அறை சொல்லாமலே நடந்தேன். என்ன படம் இருந்தது என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு அறை மூலையிலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரர்கள் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மனதுக்குள் ஓடியது. சனி ஞாயிறு தூதரகம் மூடியிருக்கும். மகன் வேலை போகும். எங்கள் விசா போகும். பேத்தி ஸ்கூல் போகும். எல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி நான் எடுத்துக் கொடுத்தது.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாஸ்போர்ட் இல்ல” என்றேன்.

“என்னது?”

“இல்ல.”

“கக்கூஸ்ல வச்சுட்டீகளா?”

“குடுத்துட்டேன்.”

“யாருகிட்ட?”

“தெரியல.”

அவள் என் சட்டையைத் தூக்கிப் பையைத் தடவிப் பார்த்தாள். பை தட்டையாகக் கிடந்தது. “ஆத்தாடி” என்றாள். பிறகு குரலை இறக்கி, “குளிக்கப் போகயில என்னைய வாசல்ல காவல் நிக்க வச்ச மனுசனா இது? எந்திரிங்க. போய்ப் புள்ளைகிட்டச் சொல்லுங்க.”

“நீ சொல்லு.”

“நானா தூக்கிக் குடுத்தேன்? போங்க.”

மகனிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “எந்த ஆளு? எந்த பஸ்?” என்று இரண்டு கேள்வி கேட்டான். பேத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மருமகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி மியூசியம் அவள் பார்க்கவில்லை.

ஹோட்டல் வரவேற்பு மேசைப் பெண் நல்லவள். கம்ப்யூட்டரில் பார்த்து, அது ஒரு டூர் கூட்டம், வெனிஸுக்குப் போகிறது என்றாள். கூட்டிப் போகிறவர் நம்பருக்கு போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மகன் எதிரில் உட்கார்ந்தான்.

“யாராவது கேட்டா குடுத்துடுவீங்களாப்பா?”

“கேக்கலப்பா. லைன் நின்னுச்சு.”

“லைன் நின்னா?”

காலிப் பையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டேன்.

“குடுத்தா திரும்ப வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்ல?”

“தெரியும்.”

“தாத்தாவுக்குக் கொள்ளி வச்சுட்டு நாலு நாள் பஸ் ஸ்டாப்புலயே உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“உங்ககிட்ட அதைக் குடுத்தது...” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. எழுந்து மேசைக்குப் போய் நின்றுகொண்டான்.

பாஸ்போர்ட் கிடைக்காமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். கிடைத்தாலும் இவன் இனி என்னை நம்ப மாட்டானோ என்பது ஒரு பயம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். எழுந்து நின்று என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை. அவளும் பயந்துவிட்டாள் என்று அதில் தெரிந்தது.

இரண்டரை மணிக்கு மேசையில் போன் அடித்தது. அந்தப் பெண் பேசினாள். பேசிக்கொண்டே எங்களைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினாள். மருமகள் “கெடச்சிருச்சு மாமா” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல சேதிதான். இன்னொரு கைதான் அந்தரத்தில் நின்றுவிட்டது.

பஸ் வெனிஸ் போய்ச் சேர்ந்து, அங்கே ஹோட்டலில் கொடுப்பதற்காக ஒவ்வொன்றாக எண்ணியபோதுதான் அந்தத் தொப்பிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்றார். ஐந்து பேரும் ரயில் ஏறினோம். பாஸ்போர்ட் இல்லாமல், வேற்று நாட்டில், ரயிலில்.

இரண்டு மணி நேரம்தான். எனக்கு அது துபாய் வந்த புதிதில் தேரா கடைவீதியில் அடையாள அட்டையை ரூமில் வைத்துவிட்டு வந்து, சந்துக்குள் போலீஸைப் பார்த்தபோது நின்ற நிலை. பாதி வழியில் போலீஸ் இரண்டு பேர் பெட்டிக்குள் நடந்து வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேத்தி, “தாத்தா, வொய் ஆர் யூ ஹைடிங்?” என்று சத்தமாகக் கேட்டாள். மனைவி அவள் வாயைப் பொத்தினாள். போலீஸ்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

மருமகள் ஒரு பன்னைப் பிரித்துக் கொடுத்தாள். “சாப்பிடுங்க மாமா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

“உன்னோட மியூசியம் போச்சேம்மா.”

“அந்தப் படத்தைப் பாத்துட்டேன். அது போதும்” என்றாள். இன்னொரு பன்னைப் பிரித்துக்கொண்டே, “வெனிஸை லிஸ்ட்ல எழுதி நான்தான் அடிச்சேன், டைம் இல்லைன்னு. இப்ப நீங்க கூட்டிட்டுப் போறீங்க” என்றாள். மகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

சிவப்புத் தொப்பி ஸ்டேஷனில் காத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து கையைத் தூக்கினார். எனக்கு அழுகை வந்தது. அடக்கினேன்.

“சாச்சா, நாப்பத்து மூணு ஆளு, நாப்பத்தெட்டு பாஸ்போர்ட். ரெண்டு தடவை எண்ணினேன். எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அஞ்சு ஆளைத் தொலைச்சுட்டேன்னு நினைச்சேன்” என்றார் இந்தியில். “அடுத்த தடவை என் டூர்லயே வந்துடுங்க. உங்களை மாதிரி கேக்காமயே குடுக்குற ஆளு எனக்குக் கெடைக்கிறதில்ல.”

மகன் அந்தக் கட்டை வாங்கினான். ஐந்து இருக்கிறதா என்று எண்ணினான். படங்களைத் திறந்து பார்த்தான். பிறகு அதைப் பிடித்தபடியே நின்றான். நான் அவன் கையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

“திரும்புங்க” என்றான்.

சட்டையைத் தூக்கிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். “யார் கேட்டாலும் என்னையக் கூப்பிடுங்க. யாரும் கேக்காட்டியும் கூப்பிடுங்க” என்றான்.

திரும்புகிற ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கோடை வெயில் இன்னும் இறங்கவில்லை. படகில் போனோம். தேராவில் அப்ரா என்கிற மரப்படகில் போகிற மாதிரிதான், வீடுகள்தான் தண்ணீருக்குள் நின்றன. மருமகள் எழுந்து நின்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டினாள். மனைவி “வீட்டுக்குள்ள தண்ணி வராதாடி?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லோருக்கும் அதுதான் அந்தப் பயணத்திலேயே நல்ல நேரம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் படகு சாய்ந்தபோதெல்லாம் வயிற்றை அமுக்கிக்கொண்டேன். முழுகினால் இவையும் முழுகுமே என்று அந்த ஒரு நினைப்புதான். அந்தப் படங்கள்தான் புத்தகத்தில் இருக்கின்றன.

துபாய் ஏர்போர்ட்டில் நான் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் வாங்கவில்லை. கண்ணாடிக் கதவு என் முகத்தைப் பார்த்துத் தானாகத் திறந்தது. நான் நகராமல் நின்றேன். “யல்லா, பாபா, யல்லா” என்று அங்கே நின்ற ஆபீசர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மகன் திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனான்.

நாலு பாஸ்போர்ட்டை அவன் வாங்கி வைத்துக்கொண்டான். என்னுடையதை என்னிடமே விட்டான். அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. வெளியே போய் வந்தால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன்.

எனக்கும் மனைவிக்கும் மகன் எடுத்த விசாவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். போன மாதம் அதற்கு, விசா மனு எழுதித் தருகிற டைப்பிங் சென்டருக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நம் ஊர்க்காரர், நரைத்த ஆள், எனக்குப் பல வருடப் பழக்கம். கையை நீட்டினார்.

“பாஸ்போர்ட்டக் குடுங்கண்ணே. காப்பி எடுத்துட்டுத் தர்றேன்.”

கொடுக்கவில்லை. எனக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

“அண்ணே?”

“நீங்க எடுங்க. நான் புடிச்சுக்கிறேன்.”

மெஷின் மூடியைத் தூக்கினார். கண்ணாடி மேல் வைத்தேன். விடவில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஓடியது. தாள் வெளியே வந்தது. மூலையில் கறுப்பாக என் கட்டைவிரல் விழுந்திருந்தது.

“விரல் விழுந்துருச்சுண்ணே. இதை வாங்க மாட்டாங்க. இன்னொண்ணு எடுக்கணும். கையை எடுங்க.”

பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

“இன்னொண்ணு எடுங்க” என்றேன், விரலை எடுக்காமலே. மகனுக்கு போன் போட்டேன், மற்றக் கையால்.